புள்ளி விசை

முனீஸ்வரன் கோவில் தெருவில்
பர்மாத் தேக்குக் கதவுக்கும்
எனாமல் தூக்குச்சட்டிகளுக்கும் நடுவே
கிடந்தது கேபினெட்.
இடித்த வீட்டுச் சாமான்களோடு லாரியில் வந்ததாம்.
கதவுக்குச் சொன்ன விலை நாற்பதாயிரம்.
இதற்குக் காதர் மொய்தீன் தராசைக் காட்டினார்:
"இரும்பு வெலதான். எடயப் போடுங்க."
ஐந்தே கால் கிலோ.
கால் கிலோ தூசி, அதைக் கழியுங்கள் என்றேன்.
என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் கழித்தார்.

மதர்போர்டு, மூடிப்போன பாலிடெக்னிக்கின் ஏலத்தில்.
ஆறு சேர்த்து ஒரே கட்டு.
எதற்கு உயிர் இருக்கிறதென்று
விற்றவருக்கும் தெரியாது.
ரிச்சி தெருவில் வாங்கிய ராமை
பல்லவனில் தம்பி கொண்டுவந்தான்
சட்டைப் பையில், கூட்டத்தில் மடங்காமல்,
பெண் வீட்டு ஜாதகம்போல.
மானிட்டரின் நடுவில் ஒரு பச்சைக் கோடு.
கோட்டுக்காக முந்நூறு குறைத்தேன்.

பதினோரு வருடம்
செக்காலை ரோட்டு ஜெராக்ஸ் கடையில்
கேள்வித்தாள் அடித்துக் கொடுக்கிறேன்.
பள்ளிக்கூடம் பக்கத்துக்கு முப்பது தருகிறது.
என் கைக்கு எட்டு.
மீதி இருபத்திரண்டைத்தான் நான்
துண்டு துண்டாய் வாங்கிக்கொண்டிருந்தேன்.

ராத்திரி பூவிழி தூங்கியபின்
தரையில் தினத்தாளை விரித்து உட்கார்ந்தோம்.
ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டுத் தொடு என்றால்
சாமி கும்பிடுவதுபோல் தொட்டான் சேவுகன்.
மினி பஸ் டயருக்கு போல்ட் முடுக்குகிற கை.
அரைச் சுற்றுப் போதும், அரைச் சுற்று, என்று
அன்றைக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பேன்.
திருகாணி ஒன்று குறைந்தது.
அந்த மூலையைப் பூக்கட்டும் நாரால் கட்டினான்.

முதல் போர்டு பேசவில்லை.
இரண்டாவதில் கருகல் வாடை.
மூன்றாவதில் ஃபேன் ஒரு சுற்றுச் சுற்றி
எதையோ மறந்ததுபோல் நின்றது.
நான்காவது, நீளமாய் மூன்று முறை கத்தியது.
"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவமா" என்றான்.
கத்தினால் நல்லது, உயிர் இருக்கிறது.
ராமைக் கழற்றி
பூவிழியின் ஸ்ட்ராபெரி வாசனை அழிரப்பரால்
அதன் தங்கப் பற்களைத் தேய்த்தேன்.
எங்கள் வீட்டில் அதுவரை
கழித்தல் கணக்குகளை மட்டும் அழித்த ரப்பர்.

குட்டையாய் ஒரே ஒரு கூவல்.
பிறகு பச்சைக் கோட்டின் இருபுறமும்
வெள்ளை எழுத்துகள்.

தேதி இரண்டாயிரத்து ஏழு, ஜனவரி ஒன்று என்றது.
உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரி செத்திருந்தது.
எனக்குக் கல்யாணம் ஆகாத வருடம்.
"மாத்து, மாத்து" என்று அவசரப்பட்டான் சேவுகன்.
காலையில் மாற்றலாம் என்றேன்.

கீபோர்டு மட்டும் இனாம்.
காதர் பாய் கொசுறாகப் போட்டது.
புள்ளி வைக்கிற விசைக்கு மூடி இல்லை,
அடியில் இருக்கும் ரப்பர் முளை மட்டும்.
இரட்டை எழுத்துக்குத் தானே புள்ளி விழுந்துவிடும்;
அப்பம், பட்டணம், அம்மா
எல்லாம் ஒழுங்காய் வந்தன.
சொல்லின் கடைசியில் தனியாய் நிற்கும் மெய்தான்
கேட்டு வாங்க வேண்டும்.
நான் என்று அடித்தால் நான.
ஊர் என்றால் ஊர.
எதுவும் முடியாமல்
அடுத்ததின்மேல் சாய்ந்துகொண்டு நின்றது.

கண்ணாடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து
ரப்பர் முளையின்மேல் வைத்தேன்.
விரலுக்கு இடம் தெரிந்தது.

விடிவதற்குள் ஏழாம் வகுப்பு அரையாண்டு, மூன்று பக்கம்.
தொண்ணூறு ரூபாய்.
நான்காம் பக்கம் தனிவட்டி.
ஒருவர் எட்டு சதவீதத்தில் வாங்குகிறார்,
மூன்று ஆண்டு கழித்து எவ்வளவு கட்டுவார்.
வியர்வையில் பொட்டு
என் விரலோடு வந்துவிட்டது.
திரையில் நின்றது
கடன.
அதை அப்படியே விட்டுவிட்டு
தண்ணீர் குடிக்கப் போனேன்.